இரண்டு உயிருக்கு ஒரு விரதம்

"சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று நம் வீடுகளில் ஒரு பழமொழி வழங்குகிறது. சமையலறைச் சமாசாரமாகத் தோன்றும் இதற்குப் பெரியவர்கள் வேறொரு பொருள் சொல்வதுண்டு. 'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்பதுதான் சரியான வடிவமாம். சஷ்டி விரதம் இருந்தால் 'அகப் பை'யாகிய கருப்பையில் குழந்தை வரும் என்பது தாத்பரியம். எது முந்தியது, எது பிந்தியது என்ற ஆராய்ச்சியைப் பண்டிதர்களுக்கு விட்டுவிடலாம். ஐப்பசி மாதத்தில் ஆறு நாள் வயிற்றைக் காயப்போட்டு முருகனிடம் பிள்ளை வரம் கேட்ட பெண்கள் நம் ஊர்களில் ஏராளம் என்பது மட்டும் நிச்சயம்.

முருகன் கண் திறந்துவிட்டான் என்று வைத்துக் கொள்வோம். வயிற்றில் குழந்தை வந்துவிட்டது. அதன் பிறகு வரும் ஏகாதசிக்கும் கார்த்திகைக்கும் அந்தப் பெண் என்ன செய்வாள்? குழந்தை வேண்டித் தொடங்கிய பட்டினியைக் குழந்தையின் பொருட்டு நிறுத்துவாளா? அல்லது, கொடுத்தவன் கோபித்துக் கொள்வானோ என்று அஞ்சித் தொடர்வாளா? நிறுத்தலாம் என்று அவளுக்கு யார் சொல்வது?

திருவண்ணாமலையில் இந்தக் கேள்வி வருஷத்துக்கு ஒரு நாள் கண்ணெதிரே நடமாடுகிறது. கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு, 2668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் தீபம் ஏற்றுகிறார்கள். அந்தச் சுடரைக் கண்ட பிறகே ஆகாரம் என்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் பருகாமல் இருப்பவர்கள் உண்டு. அதோடு மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கவும் செய்கிறார்கள். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டிச் செல்லும் அந்த ஜன வெள்ளத்தில் சூல் கொண்ட பெண்களும் இருக்கிறார்கள். ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக் கொண்டு, மறு கையால் மூத்த குழந்தையைப் பிடித்துக் கொண்டு நடக்கிறார்கள். பக்தியைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்த நடையில் இரண்டு உயிர்கள் நடக்கின்றன. விரதம் ஏற்றதோ ஓர் உயிர்தான்.

இதே கேள்வியை இரண்டாயிரம் வருஷங்களாகச் சட்டப் புத்தகமாகவே எழுதி வாதித்து வந்திருக்கும் ஒரு சமூகம் உலகில் உண்டு. அது யூத சமூகம். அவர்களுக்கும் அண்ணாமலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ரமணாசிரமத்தின் சரித்திரத்தைப் புரட்டினால் சம்பந்தம் தெரியும். ஈராக் நாட்டு யூதக் குடும்பத்தில் பிறந்த எஸ். எஸ். கோஹன் 1936-ம் வருஷம் இங்கே வந்து, ஆசிரமத்தை ஒட்டிய பலாக்கொத்தில் குடிசை போட்டுக் கொண்டு தங்கினார். வார்ஸாவில் யூதராகப் பிறந்த மாரிஸ் ஃபிரிட்மன் என்ற எஞ்சினீயரும் பகவானைத் தேடி வந்தவர்தான். காந்திஜியின் நூற்பு இயக்கத்துக்காகப் புது மாதிரித் தக்ளியை அமைத்தவர் அவர். பிறந்த மதத்தின் அனுஷ்டானங்களை இவர்கள் எவ்வளவு வைத்துக் கொண்டார்கள் என்பது நமது விஷயம் அல்ல. அவர்கள் பிறந்த மதத்தில் உள்ள ஒரு நாள்தான் நமக்கு வேண்டியது.

'கோஹன்' என்ற சொல்லுக்கு எபிரேய மொழியில் ஆசாரியன் என்று பொருள். பழைய எருசலேம் ஆலயத்தில் வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் தலைமை ஆசாரியர் கர்ப்பக்கிருகத்துக்குள் நுழைவார். அந்த நாள் யோம் கிப்பூர் எனப்படும் பாவ நிவர்த்தி நாள். ஆலயம் கி.பி. 70-ல் ரோமர்களால் அழிக்கப்பட்டது. ஆசாரியர் நுழைவதற்கு இடம் இல்லாமல் போயிற்று. விரதம் மட்டும் நின்றது. முதல் நாள் சூரியன் மறைவதிலிருந்து மறுநாள் இரவு நட்சத்திரம் தெரியும் வரை, சுமார் 25 மணி நேரம், அன்னமும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. நமது நிர்ஜல ஏகாதசியைப் போல என்று சொல்லலாம். வேறு நாட்களில் வரும் சிறிய உபவாசங்களில் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் சலுகை உண்டு. யோம் கிப்பூரில் அந்தச் சலுகை கிடையாது. ஆரோக்கியமான கர்ப்பிணி விரதம் இருந்தே தீர வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம்.

கடுமையான சட்டம்தான். ஆனால் அந்தக் கடுமைக்குள்ளேயே ஒரு கதவையும் வைத்திருக்கிறார்கள். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற நூலில் யோம் கிப்பூரைப் பற்றிய பகுதியில் ஒரு கர்ப்பிணி வருகிறாள். பக்கத்து வீட்டிலிருந்து ஏதோ உணவின் வாசனை வருகிறது, அவளுக்கு ஆசை மீறிவிடுகிறது, உயிர் தத்தளிக்கிறது. அவளுக்கு, உயிர் தெளியும் வரை, உண்ணக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நோயாளிக்கு வைத்தியர் சொன்னால் கொடுக்க வேண்டும். வைத்தியர் இல்லாவிட்டால் நோயாளியின் சொல்லே போதும்.

பிற்பாடு வந்த தால்மூத் உரைகாரர்கள் இதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். அப்படி ஆசை மீறிய ஒரு பெண்ணைப் பற்றிக் குருவிடம் போய்க் கேட்டார்கள். "இன்று என்ன நாள் என்று அவள் காதில் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்" என்றார் அவர். சொன்னார்கள், அவள் அமைதி அடைந்தாள். அவள் வயிற்றில் பிறந்தவர் ரப்பி யோஹனான் என்ற மகாஞானி. இன்னொரு பெண்ணின் காதிலும் சொன்னார்கள், அவள் அடங்கவில்லை. அவளுக்குப் பிறந்தவன், விலை ஏறட்டும் என்று பழங்களைப் பதுக்கிய வியாபாரி! கதை சொன்ன ஆண்களுக்கு விரதத்தில் நின்ற பெண்ணின் மேல்தான் அபிமானம் என்பது தெளிவாகத் தெரிகிறது. அப்படி இருந்தும், காதில் சொல்லிப் பார்ப்பது என்ற ஒரு படியோடு அவர்கள் நிறுத்திக் கொண்டார்கள். அடங்காவிட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், சட்ட மேதையாகவும் வைத்தியராகவும் இருந்தவர், அப்படியேதான் எழுதி வைத்தார்.

அதே தால்மூத்தில் இன்னொரு விதி இருக்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் மேலானது. வைத்தியர் "இந்த நோயாளிக்கு உணவு தேவையில்லை" என்கிறார். நோயாளி "தேவை" என்கிறார். யார் சொல்லைக் கேட்பது? நோயாளியின் சொல்லைத்தான். தன் உள்ளத்தின் வேதனை தனக்குத்தான் தெரியும் என்பது காரணம். ஒரு நாள் முழுவதும் உலகத்தையே நிறுத்தி வைக்கும் விரதம், ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரும் "எனக்கு முடியவில்லை" என்ற சொல்லுக்குத் தலை வணங்குகிறது.

யோசெப் கரோ எழுதி 1565-ம் வருஷம் வெனிஸ் நகரில் அச்சான சட்டத் தொகுப்பில் இந்த விதிகள் இன்னும் நுட்பமாக வருகின்றன. பிரசவித்த 3 நாட்களுக்குள் தாய் விரதமே இருக்கக் கூடாது. 3 முதல் 7 நாள் வரை அவள் வேண்டும் என்றால் கொடுக்க வேண்டும். ஆபத்து உள்ளவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக உண்ணலாம்: ஒரு தடவைக்குப் பெரிய பேரீச்சம்பழ அளவுக்கும் குறைவான உணவு, ஒரு கன்னம் நிரம்பாத தண்ணீர், பிறகு சில நிமிஷம் இடைவெளி, மறுபடியும் அதே அளவு. இந்த இடைவெளியை இக்காலத்தில் பெரும்பாலும் 9 நிமிஷம் என்று கணக்கிடுகிறார்கள். விரதமும் முழுக்க முறியாது, உயிரும் போகாது. கணக்குப்பிள்ளைத்தனம் என்று சிரிக்கத் தோன்றும். எனக்கு அதில் ஒரு கருணை தெரிகிறது. "நான் விரதத்தை விட்டுவிட்டேனே" என்று மறுகும் பெண்ணிடம், "நீ விடவில்லை, அம்மா" என்று சொல்வதற்குச் செய்த ஏற்பாடு அது.

1848-ம் வருஷம் லித்துவேனியாவின் வில்னா நகரில் காலரா பரவியபோது, இஸ்ரேல் சலாண்டர் என்ற ரப்பி யோம் கிப்பூர் அன்று ஜனங்கள் உண்ணலாம் என்று அறிவித்தார். ஜனங்கள் தயங்கியதால் பிரார்த்தனைக் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் தாமே உண்டு காட்டினார் என்பது செவிவழிக் கதை. நடந்ததோ இல்லையோ, அந்தக் கதை நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. விரதத்திலிருந்து விடுதலை கொடுக்கும் சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. மதிப்புள்ள ஒருவர் வாய் திறந்து "உண்" என்று சொல்ல வேண்டும்.

இனி, டாக்டர்கள் என்ன கண்டார்கள் என்று பார்ப்போம். கர்ப்பத்தின் பிற்பகுதியில் பெண்ணின் உடல் பட்டினியைச் சீக்கிரமாக உணர்கிறது. மற்றவர்களுக்கு நீண்ட பட்டினிக்குப் பிறகு வரும் மாறுதல்கள், கர்ப்பிணிக்கு இராச் சாப்பாட்டுக்குப் பின் காலை உணவைத் தள்ளிப் போட்டாலே தொடங்கிவிடுகின்றன: ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது, உடல் கொழுப்பைக் கரைத்து எரிக்க ஆரம்பிக்கிறது. அமெரிக்க டாக்டர்கள் 1982-ல் இதை அளந்து காட்டினார்கள். 'துரிதப் பட்டினி' என்ற பொருளில் இதற்கு ஒரு பெயரும் உண்டு. வயிற்றில் இருப்பது விரதத்தை அறியாது. அது தன் பங்கை எடுத்துக் கொண்டே இருக்கிறது.

அடுத்த வருஷம், 1983-ல், நிறை மாதக் கர்ப்பிணிகளுக்கு யோம் கிப்பூர் முடிந்தவுடன் பிரசவங்கள் கூடுவதை எருசலேம் டாக்டர்கள் எழுதினார்கள். நிறை மாதத்தில் ஒரு நாள் முன்னே பிறந்தால் பெரிய நஷ்டமில்லை. குறை மாதத்தில் அப்படி நேர்ந்தால்தான் கவலை. 2015-ம் வருஷம் பேர்ஷேபா நகரத்து ஆஸ்பத்திரி டாக்டர்கள் பல வருஷத்துப் பிரசவப் பதிவுகளைப் பார்த்து, அந்த விரத நாளை ஒட்டி யூதப் பெண்களுக்குக் குறைப் பிரசவ அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு ஆவதாகச் சொன்னார்கள். தண்ணீர் இல்லாமல் உடல் வறளும்போது கருப்பை சுருங்கத் தொடங்குகிறது என்று கருதுகிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு ஒரு நாள் விரதத்தால் ஒன்றும் நேர்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் யாருக்கு நேரும், யாருக்கு நேராது என்று விடியற்காலையில் தெரிவதில்லையே!

யூதர்கள் மட்டுமா? இஸ்லாத்தில் நோயாளிகளுக்கும் பிரயாணிகளுக்கும் நோன்பில் சலுகை உண்டு. கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும், தனக்கோ குழந்தைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சினால், அந்தச் சலுகை உண்டு என்று சட்ட அறிஞர்கள் சொன்னார்கள். விட்ட நோன்பைப் பிறகு நோற்றுக் கொள்ளலாம்.

நம்மிடம் இப்படி ஒன்றும் இல்லையோ என்று வாசகர்கள் ஏங்க வேண்டாம். நிறையவே இருக்கிறது. சூல் கொண்டவளின் ஆசைக்குத் தமிழில் 'வயா' என்று தனிச் சொல்லே உண்டு. நாம் மசக்கை என்கிறோம். சேர மன்னன் ஒருவனைப் பாடிய புறநானூற்றுப் புலவர், அவன் நாட்டு மண்ணை எதிரிகள் உண்ண முடியாது, வயா உற்ற பெண்கள்தான் ஆசைப்பட்டு உண்பார்கள் என்று வேடிக்கையாகப் பாடினார். கர்ப்பிணிக்கு இரண்டு இருதயம் என்றது ஆயுர்வேதம். ஒன்று அவளுடையது, இன்னொன்று குழந்தையுடையது. அவள் கேட்பது அந்த இரண்டாவது இருதயத்தின் ஆசை. அதை மறுத்தால் குழந்தைக்கு ஊனம் வரும் என்றார் சுசுருதர். ஊனம் வரும் என்பதை இன்றைய வைத்தியம் ஒப்புக் கொள்ளாது. ஆனால் உடலை மிகவும் மெலியச் செய்யும் காரியங்களைக் கர்ப்பிணி விலக்க வேண்டும் என்று அவரே சொன்னதை இன்றைய டாக்டர் அப்படியே திருப்பிச் சொல்வார். மிஷ்னாவின் கர்ப்பிணியும் சுசுருதரின் கர்ப்பிணியும் சந்தித்தால், இருவரும் அக்காள் தங்கை என்றே நினைத்துக் கொள்வார்கள்.

தர்ம சாஸ்திரமும் பின்வாங்கவில்லை. தண்ணீர், பழம், பால், மருந்து, குருவின் சொல் முதலிய எட்டு விஷயங்கள் விரதத்தைக் கெடுப்பதில்லை என்று ஒரு பழைய கணக்கு உண்டு. மனு, பெண்கள் விஷயத்தில் நல்ல பெயர் எடுத்தவர் அல்ல. அவரே கூட, கர்ப்பிணிக்கு விருந்தாளிகளுக்கும் முன்பாக, யோசனையே இல்லாமல், உணவு அளிக்க வேண்டும் என்கிறார். நமது வீடுகளில் மனு சொன்ன எத்தனையோ விஷயங்களை விடாப்பிடியாகப் பின்பற்றியவர்கள் இந்த ஒன்றை மட்டும் ஏன் மறந்தார்கள் என்பது ஆராயத்தக்கது.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. யூதப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஊரில் ஒரு ரப்பி இருக்கிறார். பதில் சொல்வது அவர் கடமை. நமது விரதங்களுக்கு அப்படிப்பட்ட அதிகாரி யாரும் இல்லை. கார்த்திகை விரதத்தைக் கட்டாயம் என்று எந்தக் குருக்களும் வீட்டுக்கு வந்து சொல்வதில்லை. ஆகவே வேண்டாம் என்று சொல்லவும் எவரும் வருவதில்லை. பெண் தானே ஏற்றுக் கொள்கிறாள். தானே ஏற்றுக் கொண்டதைத் தானே விட அவளுக்குப் பயம். குழந்தைக்கு ஒன்று வந்துவிட்டால் "விரதத்தை விட்டாளே!" என்று நாலு பேர் சொல்வார்களே என்ற பயம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பண்டிகை விரதம் வருஷத்தில் சில நாள்தான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடிச்சட்டியில் மிஞ்சியதை உண்பது என்ற விரதத்துக்குத் திதியும் நட்சத்திரமும் கிடையாது. அது நித்திய விரதம். அதன் விலையைக் கண்டறிந்த கதையில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. 1875-ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப், ஆண் டாக்டரை அண்டவிடாத நம் பெண்கள் பிரசவத்தில் மடிவதைக் கண்டு வைத்தியம் படித்தவர். 1885-ல் அவர் முயற்சியால் எழுந்ததுதான் கோஷா ஆஸ்பத்திரி. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி என்ற பெயரோடு நடக்கிறது. 1928-ல் இந்தியாவுக்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர், பம்பாயில் மில் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் ரத்த சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும், சென்னையில் இந்தக் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். கிருமியைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. இந்தப் பெண்கள் உண்ணும் உணவில் ஏதோ ஒன்று குறைகிறது என்று தெரிந்தது. ஈஸ்ட்டிலிருந்து செய்த மலிவான மார்மைட்டைக் கொடுத்ததும் வெளுத்த முகங்களில் ரத்தம் ஏறிற்று. அந்தப் பொருளை 1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். இன்று ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரை அதுதான்.

இதற்கெல்லாம் பலன் இல்லாமல் போகவில்லை. 1987-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவித் தொகை கொடுக்கத் தொடங்கியது. 2018-20 கணக்குப்படி, உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் 2019-21 கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேருக்கு ரத்த சோகை இருந்தது. அப்படிப்பட்ட உடம்பின் மேல்தான் தீபத்தன்று ஒரு முழு நாள் பட்டினியும் 14 கிலோமீட்டர் நடையும் ஏறுகின்றன.

அண்ணாமலையைப் பட்டினியின் ஊர் என்று நினைப்பவர்களுக்கு அதன் இன்னொரு சரித்திரத்தை நினைவூட்ட வேண்டும். 1896-ல் பதினாறு வயதுப் பிள்ளையாக வந்து, உடம்பை மறந்து உட்கார்ந்துவிட்ட ரமணரை உயிரோடு வைத்தவர்கள் யார்? அவர் வாயில் உணவைப் போட்டவர்கள்தான். மலையில் பறித்த கீரையைச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்த கிழவிக்குக் கீரைப்பாட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. கணவரையும் பெற்ற மக்களையும் பறிகொடுத்து 1907-ல் வந்த எச்சம்மாள், 1945-ல் இறக்கும் வரை தினந்தோறும் உணவு கொண்டுவந்தாள். ரமணரும் பட்டினியைப் பெரிதுபடுத்தியவர் அல்ல. 'நான் யார்?' என்ற நூலில் நியமங்களுக்குள் சிறந்ததாக அவர் சொல்வது மிதமான சாத்துவிக ஆகாரத்தைத்தான்.

1922-ல் மகனின் கை தலையிலும் மார்பிலும் இருக்க உயிர் நீத்த தாயார் அழகம்மாளின் சமாதியைச் சுற்றித்தான் ஆசிரமமே எழுந்தது. அந்தச் சமாதியின் மேல் கட்டி 1949-ல் கும்பாபிஷேகம் செய்த கோயிலின் சுவாமிக்குப் பெயர் மாத்ருபூதேசுவரர். தாயாக ஆன ஈசன் என்று பொருள். திருச்சிராப்பள்ளி மலைமேல் இருக்கும் தாயுமானவருக்கும் அதே வடமொழிப் பெயர்தான். காவிரியில் வெள்ளம் வந்து தாய் வர முடியாமல் போகவே, தனித்துத் தவித்த நிறை சூலிக்குச் சிவபெருமான் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது அந்த ஊர்ப் புராணம். பிரசவ மருந்து இடித்துக் கொடுத்தும், பத்தியம் சமைத்துப் போட்டும் ஒரு தாய் என்னென்ன செய்வாளோ அதையெல்லாம் செய்திருப்பார். "இன்று என்ன திதி? விரதமா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டதாகக் கதை இல்லை.

ஆகவே, சட்டம் இல்லை என்ற குறை நமக்கு இல்லை. சாமி கோபிப்பார் என்ற பயத்துக்கும் இடம் இல்லை. சொல்வதற்கு ஆள்தான் வேண்டும். யூதர்களின் ரப்பி செய்கிற வேலையை நம் வீட்டில் மாமியார் செய்யலாம், கணவன் செய்யலாம், டாக்டரம்மாள் நிச்சயமாகச் செய்வாள். "நீ இரு, உனக்குப் பதில் நான் விரதம் இருக்கிறேன்" என்று கணவன் சொன்னால் இன்னும் விசேஷம். வருகிற கார்த்திகையன்று காலையில், உங்கள் வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தால், அவள் கேட்கும் வரை காத்திராதீர்கள். கேட்க மாட்டாள். இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் பாலும் கொண்டுபோய் முன்னால் வைத்து, "சாப்பிடம்மா, தீபத்தைச் சாயங்காலம் நிம்மதியாகப் பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்லுங்கள்.